கீபோர்டு கழற்றும் லேப்டாப்: மூன்று மாதம் மனு அடித்துப் பார்த்ததில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மனு டைப் செய்து கொடுப்பதுதான் என் பிழைப்பு. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்றால் விடியும்போதே ஆள் வந்து நிற்கும். பழைய கம்ப்யூட்டர் மழையில் படுத்துவிட, மாட்டினால் லேப்டாப், கழற்றினால் டேப்லெட் என்கிற ரகத்தில் ஒன்றைப் பாண்டிச்சேரி போய் வாங்கி வந்தேன். கம்பெனி பெயர் வேண்டாம், வம்பு.

பொருள் நல்ல பொருள்தான். அடித்து முடித்ததும் கீபோர்டைக் கழற்றிவிட்டு ஸ்கிரீனைப் பெரியவர் கையில் கொடுத்தால், அவரே எழுத்தைப் பெரிதாக்கிப் படித்து, "தம்பி, சர்வே நம்பர் 112 இல்லப்பா, 121" என்று விரலை வைத்துக் காட்டுகிறார். இதற்காகவே காசு தகும்.

அவர் விரல் வைத்த உடனேதான் வில்லங்கமும். திரையில் ஒரு கீபோர்டு குபுக்கென்று எழும்பி, திருத்த வேண்டிய வரியையே மூடிவிடுகிறது. சரி என்று நிஜக் கீபோர்டை மாட்டினால் அது இறங்கும், ஆனால் ஐகான் எல்லாம் இடம் மாறி, படித்த வரியை மறுபடி தேட வேண்டும். அதோடு தமிழ். 'கொடுத்தார்' என்பதை 'கெடுத்தார்' என்று அடித்துவிட்டேன் என்று வையுங்கள் (மனுவில் இது விளையாட்டு இல்லை), 'கெ'வுக்கு அடுத்து விரலை வைத்தால் கர்சர் 'டு'வைத் தாண்டிப் போய் நிற்கும், மூன்று தடவை குத்திப் பார்த்துவிட்டு அம்புக்குறி கீயைத்தான் தட்டுகிறேன்.

தொடுகிற பட்டன் 48 டிபி (திரையில் அளவு சொல்லும் அலகு), அதாவது சுமார் 9 மில்லிமீட்டர் இருக்கட்டும் என்று ஆண்ட்ராய்டுக்கு கூகுளே சொல்லியிருக்கிறது. நான் மனு அடிக்கும் சாஃப்ட்வேரில் போல்டு பட்டன் அரிசி அளவு. மவுஸ் என்றால் மேலே கொண்டுபோனதும் பட்டன் பெயராவது தெரியும், விரலுக்கு அதுவும் கிடையாது.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது எல்லாரையும் விரலுக்கு இழுக்கப் பார்த்து ஸ்டார்ட் பட்டனையே தூக்கினார்கள், அடுத்த வருஷம் 8.1-ல் திரும்ப வைத்தார்கள். இன்னும் பல சாஃப்ட்வேர்க்காரர்கள் நாம் ஒன்று விரலால் வேலை செய்வோம், இல்லாவிட்டால் கீபோர்டால் என்றே நினைக்கிறார்கள். நான் பெயரை அடிக்கிறேன், தேதியைத் தொடுகிறேன், மறுபடி அடிக்கிறேன், பிரின்ட்டைத் தொடுகிறேன், எல்லாம் ஒரே நிமிஷத்தில். நிமிர்ந்து நிற்கும் திரையைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கை ஓய்ந்துவிடும் என்று ஆப்பிள் கம்பெனியின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2010-லேயே சொன்னார். நாள் முழுக்கத் தொட்டால் அப்படித்தான், மனுவுக்கு நாலு தடவை தொடுவதில் எனக்கு ஒன்றும் வலிக்கவில்லை.

இன்னொன்று, வெயில் காலத்தில் வேர்த்த விரலுக்குத் திரை சரியாகக் கேட்காது, பக்கத்தில் துண்டு வேண்டும். படிக்க, காட்ட, நடுவில் கொஞ்சம் அடிக்க என்றால் தாராளமாக வாங்கலாம். என்னைப் போல நாள் முழுக்க அடிப்பவர்கள் கடையிலேயே ஒரு பக்கம் தமிழில் அடித்து, விரலால் திருத்திப் பார்த்துவிட்டு வாங்குங்கள். திரைக் கீபோர்டு தானாக எழும்புவதை செட்டிங்ஸில் அணைத்துவிட்டேன். இப்போது கீபோர்டைக் கழற்றினால் அது வருவதே இல்லை, கீழே மூலையில் தேடித் தொட்டுத்தான் கூப்பிட வேண்டியிருக்கிறது.