மைனஸ் 80 ஃப்ரீசரா, திரவ நைட்ரஜன் தொட்டியா?

ராயபுரத்தில், கடற்காற்று எட்டும் தூரத்தில் உள்ள ஓர் ஆய்வகத்தில் செரிமான மண்டல நோய்களுக்கான உயிரிவங்கியை நடத்திவருகிறோம். எண்டோஸ்கோபியின்போது எடுக்கப்படும் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் பயாப்ஸித் துணுக்கு, அறுவை சிகிச்சையில் அகற்றப்படும் திசு, இரத்தம், மலம் ஆகியவற்றை, பிற்காலத்தில் எவரேனும் ஆய்வுக்குக் கேட்கும் வரை கெடாமல் காப்பதே எங்கள் பணி. திசுக்களை எதில் வைப்பது என்று முடிவெடுக்க வேண்டி வந்தபோது திரவ நைட்ரஜனைத் தேர்ந்தோம். இன்றும் யார் கேட்டாலும் அதையே சொல்வேன்.

ஃபார்மலினில் பதப்படுத்தி மெழுகுக் கட்டியாக்கி அறை வெப்பத்தில் வைப்பது எல்லாவற்றிலும் மலிவானது. நோய்க்குறியியலுக்கு அதுவே போதும். ஆனால் மரபணுக்களின் இயக்கத்தைக் காட்டும் மூலக்கூறான ஆர்என்ஏவை ஃபார்மலின் துண்டாடிவிடுவதால், மரபணு வெளிப்பாட்டை ஆராய்பவர்கள் உறைந்த திசுவையே விரும்புகிறார்கள்.

மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் உறையவைக்கும் ஃப்ரீசரை வாங்குவது எளிது, பழகுவதும் எளிது. கதவைத் திறந்தால் பெட்டி கைக்கு வந்துவிடும். உடனடியாக உறையவைத்த திசுவில் ஆர்என்ஏ இந்தக் குளிரில் பல ஆண்டுகள் தாங்கும் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நீரின் மூலக்கூறுகள் ஏறத்தாழ அசைவற்றுப் போவது மைனஸ் 135 டிகிரியையொட்டித்தான் என்பதால் அதைவிடவும் குளிர்ந்த நைட்ரஜனே மேல் என்று ஏட்டளவில் வாதாடலாம். எங்கள் முடிவு அந்த வாதத்தால் வந்ததன்று, பராமரிப்பால் வந்தது.

இந்த ஃப்ரீசருக்குள் இரண்டு கம்ப்ரசர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெப்பத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பழைய மாடல் ஒன்று நாளொன்றுக்கு 20 யூனிட் வரை மின்சாரம் எடுக்கும். அது வெளிவிடும் வெப்பத்தைத் தணிக்க அறைக்குத் தனியே ஏசி வேண்டும். எங்கள் பகுதியின் உப்புக்காற்றும் கனரக லாரிகள் கிளப்பும் தூசியும் கண்டன்சர் ஃபில்டரை மாதத்துக்குள் அடைத்துவிடுகின்றன. ஒரு மாதம் அதைச் சுத்தம் செய்யத் தவறினால் கம்ப்ரசர் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. இவையெல்லாம் மின்சாரம் இருக்கும் நாட்களின் கதை.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாளுக்கு மேல் மின்சாரம் இல்லை. தரைத்தளத்தில் இருந்த ஜெனரேட்டருக்குள் முதல் நாள் இரவே தண்ணீர் புகுந்துவிட்டது. உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) வாங்கிவர வாகனம் செல்ல வழியில்லை. ஒவ்வொரு ஃப்ரீசரிலும் ஒரு சிறு கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்திருப்போம். பனி உருகினால் நாணயம் அடியில் போய்விடும். வெள்ளம் வடிந்து கதவைத் திறந்தபோது ஒரு ஃப்ரீசரில் நாணயம் கிண்ணத்தின் அடியில் கிடந்தது. அதில் இருந்தவற்றுள் பல, பெருங்குடல் அழற்சி நோயாளிகளிடம் சிகிச்சை தொடங்குவதற்கு முன் எடுத்தவை. மருந்து தொடங்கிய குடலிலிருந்து அந்த நிலைத் திசுவைத் திரும்பப் பெற முடியாது. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும்போது காசிமேட்டிலிருந்து வந்த ஒருவர், "சார், இது எத்தினி வருஷம் இங்க இருக்கும்?" என்று கேட்டதும், "பல வருஷம் இருக்கும்" என்று நான் சொன்னதும் அந்த நாணயத்தைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தன.

அதே அறையில், செல் வளர்ப்புக்காக வைத்திருந்த சிறிய திரவ நைட்ரஜன் கலன் எவ்வித மாற்றமும் இன்றி இருந்தது. அதற்கு மின்சாரமே தேவையில்லை. இரட்டைச் சுவருக்கு இடையிலுள்ள வெற்றிடமே அதன் காவல். அந்தக் கலனைப் பார்த்த பிறகுதான் பெரிய தொட்டிக்கு விண்ணப்பித்தோம். மாதிரிகளைத் திரவத்தில் மூழ்கவிடாமல், அதன் மேலுள்ள ஆவியில், மைனஸ் 150 டிகிரிக்கும் கீழே வைக்கிறோம்; மூழ்கவிட்டால் குப்பிக்குள் திரவம் கசிந்து, வெளியே எடுக்கும்போது வெடிக்கும் ஆபத்தும், ஒரு மாதிரியின் கிருமி மற்றொன்றுக்குப் பரவும் ஆபத்தும் உண்டு. வாரம் இருமுறை நீண்ட மர அளவுகோலை உள்ளே இறக்கி, சில நொடிகள் நிறுத்தி, வெளியே எடுத்துக் காற்றில் ஆட்டினால், திரவம் நின்ற உயரம் வரை வெண்பனி படரும். அந்தக் கோட்டின் அளவைப் பதிவேட்டில் எழுதுகிறோம். நைட்ரஜன் கொண்டுவரும் லாரி ஒரு வாரம் தாமதித்தாலும் மாதிரிகள் தாங்கும்.

குறைகளும் உண்டு. நைட்ரஜனைத் தொடர்ந்து வாங்கியாக வேண்டும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரிவதால், காற்றோட்டமில்லாத அறையில் கசிந்தால் ஆளை மயக்கிக் கொன்றுவிடும். ஆக்சிஜன் அளவு குறைந்தால் ஒலிக்கும் அலாரம் இல்லாமல் தொட்டியை நிறுவவே கூடாது. மேலும், அடுக்கை மேலே தூக்கித் தேடும் அந்த அரை நிமிடத்தில் மற்ற மாதிரிகள் சூடேறுவதால், எந்தக் குப்பி எங்கே இருக்கிறது என்ற பதிவு துல்லியமாக இருக்க வேண்டும்.

மலத்தையும் பிளாஸ்மாவையும் இன்றும் மைனஸ் 80 ஃப்ரீசரிலேயே வைக்கிறோம். அவற்றின் அளவு பெரிது, தொட்டியில் இடம் விலை மிகுந்தது. ஆனால் ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரித்து இரு வேறு ஃப்ரீசர்களில் வைக்கிறோம். எங்கள் தொட்டிக்கு இன்னும் வயதாகவில்லை. பத்து ஆண்டுகளில் அதன் வெற்றிடம் எப்படி இருக்கும் என்பதை அனுபவத்திலிருந்து என்னால் சொல்ல இயலாது. வழக்கத்தைவிட வேகமாக மரக்கோலின் பனிக்கோடு இறங்கத் தொடங்கும் நாளில் மாதிரிகளை மாற்றுவதற்காக, பழைய சிறு கலனைக் காலியாகவே வைத்திருக்கிறோம்.