ராட்சதப் பூசணி விதை வாங்குவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பத்து விதை வாங்கினேன். உறையில் தாய்க்காயின் எடை, மகரந்தம் தந்த செடி, ஆண்டு எல்லாம் பக்காவாக அச்சாகியிருந்தன. 'அட்லாண்டிக் ஜயன்ட்' என்ற ராட்சதப் பூசணி ரகத்தின் வம்சம், இதிலிருந்தே வருடா வருடம் விதை எடுத்துக்கொள்ளலாம் என்று விற்றவர் சத்தியம் செய்யாத குறை.

எட்டு முளைத்தன. கொடி ஓடிய வேகத்தில் நானும் மயங்கிவிட்டேன். இலைகளில் வெள்ளைத் திட்டுகள் தெரிந்தபோதே விழித்திருக்க வேண்டும்.

விரியப்போகும் பூக்களை முந்தின மாலையே நூலால் கட்டிவைத்தேன், தேனீ வேறு மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடக் கூடாதே என்று. விடிந்ததும் ஆண் பூவின் இதழ்களைக் கிள்ளிவிட்டு நடுத்தண்டை விரலில் தேய்த்தேன். மஞ்சள் பொடி அப்பியிருக்க வேண்டும். விரல் சுத்தமாக இருந்தது. மகரந்தப்பை சுருங்கி, காய்ந்த திரிபோல் நின்றது. அந்த வாரம் முழுக்க எந்தப் பூவைத் தொட்டாலும் இதே கதை.

நண்பரின் செடியிலிருந்து மகரந்தம் கடன் வாங்கியதில் ஒரே ஒரு காய் தங்கியது. ராட்சதக் காயா? நான் தனியாகத் தூக்கி வந்தேன்! காம்பு உருண்டையாக, தக்கைபோல் இருப்பதற்குப் பதில் கெட்டியாக, வரிவரியாக இருந்தது. அறுத்தால் உள்ளே விதைகள் நிறையத்தான் தெரிந்தன. நகத்தால் அழுத்தினேன், தோலும் தோலும் ஒட்டிக்கொண்டன. பருப்பே இல்லை. அத்தனையும் பதர்.

விற்றவரைக் கேட்டேன். முதலில் என் மண்ணைக் குறை சொன்னார். பிறகு, "கலப்பினம் என்றால் விதை பிடிக்காது, அது இயற்கை" என்றார். பச்சைப் பொய். ராட்சதப் பூசணிகள் குக்குர்பிட்டா மாக்சிமா என்ற இனம். அதற்குள்ளேயே எந்த ரகத்தோடு எந்த ரகத்தைச் சேர்த்தாலும் விதை நன்றாகவே முளைக்கும். சாதனைக் காய்களே அப்படிக் கலந்து கலந்து வந்தவைதான். மாக்சிமாவை மொஸ்காட்டா என்ற வேறோர் இனத்தோடு சேர்க்கும்போதுதான் கோளாறு. இரண்டுக்கும் 40 குரோமோசோம்கள் என்பதால் ஓரளவு விதை பிடிக்கும். ஆனால் அந்தக் கலப்புச் செடியில் குரோமோசோம்கள் ஒழுங்காக ஜோடி சேராமல் ஆண் பூ மலடாகிவிடும். வேர் மட்டும் அபார வீரியம். அதனால் தர்பூசணி, வெள்ளரியை ஒட்டுக்கட்ட இதை வேர்ச்செடியாகப் பயன்படுத்துகிறார்கள். இலையில் பார்த்த வெள்ளைத் திட்டும் வரிவரியான கெட்டிக் காம்பும் மொஸ்காட்டாவின் சாயல், அதனால் எனக்கு வந்தது அந்த விதைதான் என்பது என் கணிப்பு. அந்த வேலைக்கு அது தங்கமான விதை, உறையில் எழுதியிருந்ததுதான் மோசடி.

வாங்குமுன் தாய்க்காயின் காம்பையும் தாய்ச்செடியின் இலையையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நான் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அதே உறை இப்போதும் விற்பனையில் இருக்கிறது, தாய்க்காயின் எடை மட்டும் கூடியிருக்கிறது.