மனப்பாட நாடகமா, பாவனை விளையாட்டா?

நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைகளின் மொழியையும் குணத்தையும் வளர்க்க நடிப்பை நாடும் ஆசிரியர்களுக்கு இரு வழிகள் உண்டு: எழுதிக் கொடுத்த வசனத்தை ஒப்பிக்கும் ஆண்டு விழா நாடகம், குழந்தைகளே பேச்சை உருவாக்கிக்கொள்ளும் பாவனை விளையாட்டு.

நாடகத்தால் லகர, ளகர, ழகர உச்சரிப்பு திருந்தும். சபைக் கூச்சமும் குறையும். ஆனால் வசனத்தை மறந்த குழந்தை மேடையில் திகைத்து நிற்கிறது. சொந்தமாக ஒரு சொல்லைத் தேட அங்கே இடமில்லை.

சேலத்து வகுப்பறை ஒன்றில் உழவர் சந்தை விளையாட்டைப் பார்த்தேன். புளியங்கொட்டைதான் காசு. சற்று முன்புவரை "வாடா, போடா" என்று பேசிய சிறுமி, கடையில் உட்கார்ந்ததும், காசு போதாமல் விழித்த தோழனிடம், "பரவாயில்லைங்க தாத்தா, மீதியை நாளைக்குக் குடுங்க" என்றாள். மரியாதை விகுதியும் பிறர் சங்கடத்தை உணரும் மனமும் ஒரே வாக்கியத்தில் வந்துவிட்டன. பாவனை விளையாட்டில் குழந்தை ஏற்ற பாத்திரத்தின் விதிகளுக்குத் தானே கட்டுப்படுகிறது என்று ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி 1933இல் ஆற்றிய உரையில் விளக்கியது இதைத்தான்.

குறையும் உண்டு. வாய்த்துடுக்கான பிள்ளையே எப்போதும் கடைக்காரராகிவிடும். ஆசிரியர் முறைவைத்துப் பாத்திரங்களை மாற்றாவிட்டால் அமைதியான குழந்தை கடைசிவரை பையைத் தூக்கிக்கொண்டே நிற்கும்.

இந்த வயதுக்குப் பாவனை விளையாட்டையே நான் முதலில் வைப்பேன். நாடகம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய பிறகு வரட்டும். ஏற்காட்டுக் காபித் தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகளிடம் சந்தைக்குப் பதிலாகப் பழம் பறித்து எடை போடும் விளையாட்டைக் கொடுத்தால், வீட்டில் கேட்ட சொற்களே அவர்களுக்குப் போதும்.