மொரீசியஸ் மெட்ரோ எக்ஸ்பிரஸ்: தாராளமாக ஏறலாம்

மதுரையிலிருந்து சித்தப்பா வந்திருந்தார். ரோஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து தலைநகர் போர்ட் லூயிஸுக்குக் காரில் போயிருக்கலாம், ஆனால் வேண்டுமென்றே அவரை மெட்ரோவில் ஏற்றினேன். பெட்டி சுத்தமாக இருந்தது, ஏசி அளவாக இருந்தது, சத்தமே இல்லை. ஜன்னல் பெரிது என்பதால் ஆற்றுப் பாலம் வந்ததும் மனிதர் எழுந்தே நின்றுவிட்டார். அப்புறம் கேட்டார்: "ஏம்ப்பா, மொத்தமே பன்னிரண்டரை லட்சம் பேர் இருக்கிற நாடு, இதுக்குப் பணம் எங்கேயிருந்து வந்துச்சு?"

பெரும்பங்கு இந்தியாவிடமிருந்து வந்தது, சித்தப்பா. 2016-இல் மொரீசியஸுக்கு இந்தியா கொடுத்த 35.3 கோடி டாலர் உதவியில் 27.5 கோடி இந்த மெட்ரோவுக்கு. தடம் போட்டது எல் அண்ட் டி, வண்டிகள் ஸ்பெயினில் செய்தவை. 1964-இல் ரயிலையே மூடிவிட்ட தீவு இது. 2019 அக்டோபரில் போர்ட் லூயிஸிலிருந்து ரோஸ் ஹில் வரை மறுபடி தண்டவாளத்தில் வண்டி ஓடியது, அப்புறம் கத்ர் போர்ன், கியூர்ப்பிப் என்று நீண்டது. குறை ஒன்றுதான்: விமான நிலையம் இருக்கும் தென்கிழக்குப் பக்கம் தடமே இல்லை.

யாரும் சும்மா கொடுக்க மாட்டார்கள், அதுவும் உண்மை. மொரீசியஸுக்குச் சொந்தமான அகலேகா தீவில் இந்தியா கட்டிய விமான ஓடுதளம் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. சுமார் 300 பேர் வாழும் தீவில் அவ்வளவு பெரிய ஓடுதளம் ஏன் என்று இங்கே கேட்கிறார்கள், கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் மொரீசியஸ் கையேந்தி நிற்கிற நாடு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ராணுவமே இல்லாத இந்த நாடு சாகோஸ் தீவுகளுக்காகப் பிரிட்டனைச் சர்வதேச நீதிமன்றம் வரை இழுத்தது. 1965-இல் அந்தத் தீவுகளை மொரீசியஸிலிருந்து பிரிட்டன் பிரித்துக்கொண்டது செல்லாது, பிரிட்டன் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. அதே வருஷம் மே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 116 நாடுகள் மொரீசியஸ் பக்கம் ஓட்டுப் போட்டன, எதிர்த்தவை 6 மட்டும்தான். அந்த 116-இல் இந்தியாவும் உண்டு. யாரோடும் சண்டை போடாமல், ஆப்பிரிக்காவோடும் இந்தியாவோடும் பிரான்சோடும் வருஷக்கணக்காக உறவைப் பேணியதன் பலன் அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நேரம் இருந்தால் ரோஸ் ஹில்லில் வண்டி மாறி ரெதுயி போகும் கிளையில் எபேனில் இறங்குங்கள். கண்ணாடிக் கட்டடங்களைப் பார்த்து ஐடி கம்பெனிகள் மட்டும்தான் என்று நினைக்கத் தோன்றும். 1997-இல் தொடங்கிய இந்தியப் பெருங்கடல் நாடுகள் சங்கத்தின் செயலகமும் அங்கேதான். ஆஸ்திரேலியா, இந்தோனேசியா, தென்னாப்பிரிக்கா உட்பட 23 நாடுகளுக்கு இந்தச் சின்னத் தீவுதான் பொது அலுவலகம். சித்தப்பாவுக்கு இது நம்பவே முடியவில்லை.

போர்ட் லூயிஸில் விக்டோரியா நிலையத்திலேயே இறங்கிவிடாதீர்கள். கடைசி நிலையமான ஆப்ரவாசி காட் வரை போங்கள். இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் வந்தவர்கள் ஏறிய பதினாறு கல்படிகள் அங்கே இருக்கின்றன, என் மனைவியின் முன்னோரும் அந்த வழியாக வந்தவர்கள்தான். சித்தப்பா செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போனார்.