மேனேஜ்டு விபிஎஸ் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கம் தனியாக வெப்சைட் வேலை எடுத்துச் செய்யும் தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். நம்ம ஊர் வியாபாரிகள் ஹோஸ்டிங்குக்குக் கொடுக்கிற பணம் யோசித்து யோசித்துக் கொடுக்கிற பணம். அதை வாங்கிக்கொண்டு, எனக்கு மேனேஜ்டு விபிஎஸ் (ஒரு பெரிய சர்வரைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்து, பராமரிப்பையும் விற்பவரே பார்க்கும் வாடகை சர்வர்) விற்றவர்கள் செய்த வேலையை நினைத்தால் எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

ஓசூரில் ஆபீஸ் என்று சொல்லித்தான் வாட்ஸ்அப்பில் வந்தார்கள். நாலு கோர், எட்டு ஜிபி ரேம், தினமும் பேக்கப், ராத்திரி பகலாக சப்போர்ட், மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டினால் பாதி விலை. புகார் நடப்பதால் பெயர் போடவில்லை. என் வாடிக்கையாளர்களின் சைட்டுகளை அதில் ஏற்றினேன். அதில் ஒன்று சந்தூர் பக்கத்து மாங்கன்று நர்சரி. பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா ஒட்டுக்கன்றுகளுக்கு ஆந்திரா, கர்நாடகாவிலிருந்து வரும் ஆர்டர் பெரும்பாலும் அந்த சைட் வழியாகத்தான். மழை பிடித்து நடவு தொடங்கும் மாதங்களில் அது நின்றால் வருஷ வியாபாரமே அடிபடும்.

சரியாக அப்போதுதான் நின்றது. முதலில் மெதுவானது. பிறகு சாயங்காலம் ஆனாலே 504 என்ற எரர். முன்னால் நிற்கும் வெப் சர்வரான என்ஜின்எக்ஸ், பின்னால் பக்கத்தைத் தயாரிக்கும் பிஹெச்பியிடமிருந்து பதில் வராமல் காத்திருந்து கைவிட்டால் வருவது இந்த எண். சப்போர்ட்டுக்கு டிக்கெட் போட்டேன். "உங்க பிளகின்தான் பிரச்சினை, சைட்டை ஆப்டிமைஸ் பண்ணுங்க" என்று பதில். எத்தனை தடவை கேட்டாலும் அதே வரி.

பிளகின்களை ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தேன். வேர்ட்பிரஸ்ஸோடு வரும் சாதாரண தீமுக்கு மாற்றினேன். யார் வந்து போனார்கள் என்று பதியும் ஆக்சஸ் லாகைப் பார்த்து, லாகின் பக்கத்தை மோதிக்கொண்டிருந்த பாட் எனும் தானியங்கி புரோகிராம்களைத் தடுத்தேன். டேட்டாபேஸில் மெதுவாக ஓடுகிறவற்றைப் பதியும் மைஎஸ்கியூஎல் ஸ்லோ க்வெரி லாகிலும் ஒன்றும் இல்லை. டிஸ்க்கிலும் இடம் இருந்தது. கடைசியில் டேட்டாபேஸைத் தொடாமல் வெறும் கூட்டல் கணக்கு மட்டும் செய்யும் நாலு வரி பிஹெச்பி ஃபைல் ஒன்றை ஓடவிட்டேன். காலையில் நொடியில் முடிகிற அதுவும் சாயங்காலம் இழுத்துக்கொண்டு நின்றது. அதில் எந்த பிளகின் இருக்கிறது?

சர்வரில் டாப் கமாண்ட் கொடுத்தால் சிபியு வரியின் கடைசியில் எஸ்டி (st) என்று ஒரு எண் வரும். நம்முடைய விர்ச்சுவல் சிபியு வேலை செய்யத் தயாராக இருந்தும், அடியில் இருக்கும் நிஜ மெஷின் அந்த நேரத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்ட சதவீதம் அது. பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எனக்கு சாயங்காலங்களில் 30, 40 என்று நின்றது. ஒரே போர்வெல்லில் தெருவுக்கே பைப் இழுத்துவிட்டு "உங்க வீட்டுக் குழாயில்தான் அடைப்பு" என்று சொன்ன கதைதான். சில வகை விபிஎஸ்ஸில் இந்த எண் எப்போதும் பூஜ்யமாகவே காட்டும், அங்கே அந்த நாலு வரி ஃபைல்தான் சாட்சி.

சர்வரின் பழைய சிபியு கணக்கைக் காட்டும் சார் (sar) கமாண்டில் பதிவான கணக்கையும் ஸ்கிரீன்ஷாட்டுகளையும் அனுப்பியதற்கு வந்த பதில், பெரிய பிளானுக்கு மாறுங்கள் என்பது. நர்சரிக்காரர், "தம்பி, சீசன் போவுது, பணம் நான் தர்றேன், மாத்திடு" என்றார். மாற்றினோம். ரேம் எண் கூடியது, எஸ்டி அப்படியே இருந்தது. 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று சேர்த்து வாங்கியவர்கள் கொடுத்த பில்லில் ஜிஎஸ்டி எண்ணே இல்லை. எண் கொடுத்தால் ஜிஎஸ்டி தளத்தில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்க முடியும், அதனால்தான் கொடுக்கவில்லை என்பது என் முடிவு.

அப்புறம் ஒரு ராத்திரி மெஷினின் டிஸ்க்கே போய்விட்டது. பேனலில் தேதி வாரியாகப் பேக்கப்புகள் பச்சை டிக்கோடு வரிசையாக இருந்தன. ரீஸ்டோர் அழுத்தினால் ஃபைல் இல்லை என்றது. விடாமல் கேட்டதில் உண்மை வந்தது: பேக்கப்பும் அதே மெஷினில்தான் இருந்திருக்கிறது. 2021 மார்ச் 10 அன்று பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் என்ற ஹோஸ்டிங் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தவர்கள் இரண்டையும் சேர்த்து இழந்தார்கள். உலகமே பேசிய அந்த விபத்துக்குப் பிறகும் ஒருவர் இப்படி விற்கிறார் என்றால் அதைக் கவனக்குறைவு என்று என்னால் சொல்ல முடியாது.

தீம் கோடு என் லேப்டாப்பில் இருந்தது. கன்றுகளைப் பற்றிய பக்கங்களை, பழைய வெப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்திலிருந்து எடுத்தேன். ஆர்டர்கள் போனது போனதுதான். அட்வான்ஸ் கட்டியவர்களை நர்சரிக்காரர் வாட்ஸ்அப்பில் தேடித் தேடிப் போன் செய்தார்.

டொமைனும் இவர்கள் வழியாக வாங்கியது. வேறு நிறுவனத்துக்கு மாற்றுவதற்கான ரகசியக் குறியீடான ஆத் கோடு கேட்டால் "பாக்கியைக் கட்டுங்க" என்று இல்லாத பாக்கியைச் சொன்னார்கள். இந்த இடத்தில் பயப்படாதீர்கள். டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பார்த்தால் உண்மையான ரெஜிஸ்ட்ரார், அதாவது டொமைனைப் பதிந்து கொடுத்த நிறுவனம், யார் என்று தெரியும், இவர்கள் வெறும் இடைத்தரகர்கள். டாட் காம் டொமைனுக்கு, உரிமையாளர் கேட்ட 5 நாளுக்குள் ரெஜிஸ்ட்ரார் ஆத் கோடு கொடுக்க வேண்டும் என்பது டொமைன்களுக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பின் விதி. நர்சரிக்காரர் பெயரில் டொமைன் இருந்ததால் அவர் மெயிலிலிருந்தே ரெஜிஸ்ட்ராருக்கு நேராக எழுதினோம், கோடு வந்துவிட்டது. விற்றவர் பெயரிலேயே டொமைன் இருந்திருந்தால் இந்த வழியும் அடைபட்டிருக்கும். உங்கள் வாடிக்கையாளர்களின் டொமைன் யார் பெயரில் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.

புதிதாக எந்த விபிஎஸ் வாங்கினாலும் ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டி, சாயங்காலங்களில் எஸ்டியைப் பாருங்கள். பேக்கப் எந்த ஊரில், எந்த மெஷினில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள், ஒன்றை இறக்கித் திறந்தும் பாருங்கள். பதில் சொல்லாமல் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.

பணம் இதுவரை திரும்பவில்லை. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்திருக்கிறேன். இதே மாதிரி பில் யாரிடமாவது இருந்தால் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், புகாரோடு சேர்க்கிறேன்.