அறுவை சிகிச்சைப் பயிற்சியின் நடுவே ஓர் ஆராய்ச்சி ஆண்டு: ஐந்துக்கு நான்கு

நான் முடித்த சிறப்புப் பயிற்சித் திட்டத்தில், ஆபரேஷன் தியேட்டரை விட்டு விலகி ஆராய்ச்சி மட்டும் செய்ய ஓர் ஆண்டு கொடுக்கிறார்கள். எடுக்கலாமா என்று ஜூனியர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். தாராளமாக எடுங்கள் என்பேன். யாரிடம் போய்ச் சேருகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் மற்றதெல்லாம்.

எனக்குக் கொடுத்த வேலை: குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) மெஷ் என்ற செயற்கை வலை வைத்துத் தைக்கப்பட்டவர்களை, ஓராண்டு கழித்து போனில் விசாரிப்பது. கேட்டதும் சப்பென்றிருந்தது. பேசத் தொடங்கியபின் விட மனம் வரவில்லை. தையல் பிரிக்க வந்த அன்று கேஸ் ஷீட்டில் 'நலம்' என்று நாங்கள் எழுதி அனுப்பிய ஒருவர், குனிந்து செருப்பு மாட்டினால் சுருக்கென்று இழுக்கிறது என்றார். ஏன் வந்து காட்டவில்லை என்றேன். "ஆபரேஷன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் டாக்டர்." மாதக்கணக்கில் நீடிக்கும் இந்த வலியைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்துத் தேர்வும் எழுதியிருக்கிறோம். ஆனால் புண் ஆறியதும் நோயாளி நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறாரே, பிறகு எப்படித் தெரியும்?

யாருக்குக் கத்தி வைக்காமல் பொறுக்கலாம் என்பதையும் அந்த ஆண்டில்தான் ஒழுங்காகப் படித்தேன். அதிகத் தொந்தரவு தராத குடலிறக்கம் உள்ள 720 ஆண்களை, உடனே அறுவை, காத்திருப்பு என இரு பிரிவாக்கி நடந்த ஆய்வு 2006-இல் வெளிவந்தது. உடனே அறுவை செய்யாமல் காத்திருந்தவர்களில், குடல் சிக்கி அவசரமாக ஓடிவந்தவர்கள் ஆண்டுக்கு ஆயிரத்தில் இருவர்கூட இல்லை. அத்துடன் நிறுத்தியிருந்தால் பாதிதான் புரிந்திருக்கும். 2013-இல் வந்த தொடர்ச்சியைப் பாருங்கள்: காத்திருந்தவர்களில் சுமார் 68 சதவீதம் பேர் பத்தாண்டுக்குள் அறுவைக்கு வந்துவிடுவார்கள் என்பது அதன் கணக்கு. வந்தவர்களில் பெரும்பாலோர் வலி தாங்காமல் வந்தவர்கள். இன்று நோயாளியிடம் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்தத் திட்டத்தின் ஆகச் சிறந்த ஆசிரியர் அங்கிருந்த புள்ளியியலாளர். என் அட்டவணையைப் பார்த்ததும் அவர் கேட்டது: "போனை எடுக்காதவங்க எப்படி இருக்காங்க?" வலியோடு வேறு டாக்டரைத் தேடிப் போனவர்கள் அந்தக் காலிக் கட்டங்களில்தானே இருப்பார்கள்! எந்தக் கட்டுரையைப் பிரித்தாலும் இப்போது என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

ஒரு மதிப்பெண் குறைத்ததற்குக் காரணம், ஆய்வுப் பேப்பர் எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடும் பழக்கம். ஒரே டேட்டாவை மூன்றாக வெட்டி மூன்று பேப்பர் போடச் சொல்கிறார்கள். இது பயிற்சியே இல்லை, நோயாளிகள் தந்த நேரத்துக்குச் செய்யும் அவமரியாதை. ஆய்வு நெறிப்படி இருக்கிறதா என்று பார்க்கும் எதிக்ஸ் கமிட்டியின் அனுமதிக்குக் காத்திருந்தே மாதங்கள் கரைகின்றன. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் அறுவை) பழகிய கையும் மந்தமாகிவிடுகிறது, பழைய வேகம் திரும்பக் கொஞ்ச காலம் பிடித்தது.

சேருமுன் வழிகாட்டியிடம் நேராகக் கேளுங்கள்: வாரம் ஒரு நாளாவது தியேட்டர் உண்டா? புள்ளியியலாளரோடு உட்கார்ந்து பேச முடியுமா? போன வருடத்து ஆள் தொடங்கிய ஆய்வு என்ன ஆனது? கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் வராவிட்டால் வேறு வழிகாட்டியைப் பாருங்கள்.