கிழட்டு பிக்கப்பில் பொலேரோ டிஐ என்ஜின்: என்ஜின் பாஸ், கிரவுன் ஃபெயில்

பொலேரோவிலிருந்து கழற்றிய 2,523 சிசி டிஐ (டீசலை நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சும்) டர்போ என்ஜினைப் பழைய மஹிந்திரா பெட்ரோல் பிக்கப்பில் ஏற்றுவது நல்ல யோசனைதான். வீட்டு வாசலிலேயே செய்யக்கூடிய வேலையும்கூட. ஆனால் என்ஜினை மட்டும் மாற்றிவிட்டுப் பின் ஆக்சிலைத் தொடாமல் விட்டால், கடலூர்–புதுச்சேரி ரோட்டில் பால் வண்டி கூட உங்களை முந்திக்கொண்டு போகும். இந்த மாற்றத்தில் ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் என்ஜினைக் குறை சொல்கிறார்கள். குறை பல்சக்கரக் கணக்கில் இருக்கிறது.

கணக்கையே முதலில் பார்த்துவிடலாம். பழைய வண்டியில் வந்த ஹரிக்கேன் பெட்ரோல் என்ஜின் 2,199 சிசி, 4,000 ஆர்பிஎம் வரை ஏறும். அதற்குத் தோதாக ஆக்சிலில் 5.38 விகிதம், அதாவது ஆக்சில் நடுவே உள்ள பெரிய பல்சக்கரமான கிரவுனில் 43 பல், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 8 பல். டிஐ என்ஜின் தன் 63 குதிரைத்திறனையும் 3,200 ஆர்பிஎம்மிலேயே கொடுத்து முடித்துவிடும். 6.00-16 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் உருளும். டாப் கியர் நேர் விகிதம் (1:1) என்றால் 2,500 ஆர்பிஎம்மில் மணிக்கு 61 கிலோமீட்டர்தான் வரும். 3,200 வரை முறுக்கினால் 78. அந்தச் சத்தத்தில் பக்கத்து சீட்டுக்காரரிடம் பேச முடியாது.

அதே 2,500 ஆர்பிஎம்மில் 4.88 கிரவுன் (39/8) போட்டால் 68, 4.27 (47/11) போட்டால் 77. ஆக்சிலைத் தொடாமல் ஐந்து கியர் பாக்ஸ் போட்டு, ஐந்தாவதின் விகிதம் 0.85 என்று வைத்துக்கொண்டால் 72. ஏதாவது ஒன்றைச் செய்தே ஆகவேண்டும். உங்கள் வண்டியில் என்ன விகிதம் என்று தெரிய கிரவுனைத் திறக்கத் தேவையில்லை. பின்பக்கம் இரண்டு சக்கரத்தையும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, இரண்டையும் சேர்த்தாற்போல் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். கியர் பாக்ஸிலிருந்து ஆக்சிலுக்குப் போகும் புரொபெல்லர் ஷாஃப்ட்டில் சாக்பீஸ் கோடு போட்டுச் சுற்றை எண்ணினால் போதும். ஐந்தே கால் சுற்றைத் தாண்டி வந்தால் 5.38 தான்.

ஃபோர் வீல் டிரைவ் வண்டி என்றால் முன் ஆக்சிலிலும் அதே விகிதத்தை மாற்றவேண்டும். பின்னால் 4.88, முன்னால் 5.38 என்று விட்டுவிட்டு, தேவனாம்பட்டினம் மணலில் முன் சக்கரத்தையும் இணைத்தால் இரண்டு ஆக்சிலும் ஒன்றையொன்று இழுக்கும். மணலில் டயர் வழுக்கித் தப்பிக்கும். தார் ரோட்டில், முன் பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பல் போகும்.

இனி என்ஜின். இதன் போர் (சிலிண்டர் விட்டம்) 88.9 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்) 101.6 மி.மீ. அங்குலத்தில் சொன்னால் சரியாக மூன்றரை, நான்கு. பழைய இன்டர்நேஷனல் டிராக்டர் டீசல் என்ஜின் வழியில் வந்த அளவு இது. டிராக்டர் குணம் அப்படியே இருக்கிறது: கீழ் சுற்றிலேயே இழுக்கும், 180 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை சீக்கிரமே கிடைக்கும், மேல் சுற்றில் மூச்சு வாங்கும். பண்ருட்டிப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கேப்பர் மலை ஏற இதைவிடப் பொருத்தமான என்ஜின் கிடையாது. டிராக்டர் மெக்கானிக் இல்லாத ஊர் கடலூர் மாவட்டத்தில் இல்லை என்பதால், திறந்தால் மூடத் தெரிந்த கை பக்கத்திலேயே இருக்கும். அதற்காக டிராக்டர் பாகம் எல்லாம் அப்படியே பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம்.

போட்டிக்கு இரண்டு உண்டு. பழைய பியூஜோ எக்ஸ்டி3பி 2,498 சிசி. ஓட்டம் மென்மையாக இருக்கும், ஆனால் நல்ல நிலையில் கிடைப்பது அரிதாகி வருகிறது, ஹெட் சூடாகிவிட்டால் செலவு இழுக்கும். இன்னொன்று ஸ்கார்பியோவின் எம்-ஹாக் 2,179 சிசி. பலம் இரண்டு மடங்குக்குப் பக்கம். ஆனால் இசியு (என்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்), சென்சார், ஆக்சிலரேட்டர் பெடல், சாவி எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஒன்றாக வரவேண்டும். ஒரு ஒயர் குறைந்தாலும் ஸ்டார்ட் ஆகாது. பழைய ஜீப் சேசிஸும் டிரம் பிரேக்கும் அந்தப் பலத்துக்குக் கட்டியவை அல்ல. வீட்டு வேலைக்கு மெக்கானிக்கல் டீசல் பம்ப் உள்ள டிஐ போதும். அதே 2,523 சிசியில், இசியு வேண்டிய காமன் ரெயில் வகையும் வந்திருக்கிறது. விற்பவர் "பொலேரோ என்ஜின்" என்று மட்டும் சொன்னால் பம்பைக் கண்ணால் பார்த்துவிட்டுப் பணத்தை எண்ணுங்கள்.

போல்ட்டில் ஸ்பேனர் வைப்பதற்கு முன் ஆர்டிஓ அலுவலகம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. பெட்ரோல் என்று பதிவான வண்டியில் டீசல் என்ஜின் என்றால் என்ஜின் நம்பரோடு எரிபொருளும் மாறுகிறது. எழுத்தில் அனுமதி கேளுங்கள். வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்" என்றால் அது அனுமதி இல்லை. பிஒய்-01 வண்டிக்குப் புதுச்சேரியில், டிஎன்-31 வண்டிக்குக் கடலூரில் கேட்கவேண்டும். பக்கத்து ஊர்தானே என்று மாற்றிக் கேட்டால் அலைச்சல்தான் மிச்சம். அனுமதி இல்லாத வண்டி விபத்தில் சிக்கினால் இன்சூரன்ஸும் கைவிரிக்கலாம். இன்னொன்று: 50 வயது தாண்டிய, சொந்த உபயோகத்துக்கான வண்டியை 2021-ல் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்யலாம், ஆனால் என்ஜினும் சேசிஸும் பாடியும் அசலாக இருக்கவேண்டும். உங்களுடையது அந்த வயது என்றால், பிக்கப்புக்கும் அது பொருந்துமா என்று கேட்டுவிட்டு நன்றாக யோசியுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர் டயாஃப்ரம் கெடுகிறது என்பதுதான் உங்கள் பிரச்சினை என்றால், பம்ப், கார்ப்பரேட்டர் கிட், ஹோஸ் மாற்றினால் முடிந்துபோகும். அதற்கு என்ஜினையே மாற்றுவது எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது.

வாங்கும்போது என்ஜினைத் தனியாக வாங்காதீர்கள். சென்னை புதுப்பேட்டையோ உள்ளூர் பழைய இரும்புக் கடையோ, ஒரே வண்டியில் கழற்றிய செட்டாகக் கேளுங்கள்: என்ஜின், ஃப்ளைவீல், கிளட்ச், பெல் ஹவுசிங், கியர் பாக்ஸ், லீவரோடு அதன் மேல்மூடி, ஸ்டார்ட்டர், வேக்கம் பம்ப் ஒட்டிய ஆல்டர்னேட்டர், ரேடியேட்டர், ஃபேன் கவர், மவுன்டிங் ரப்பர், அதன் பிராக்கெட். பிராக்கெட்டை "அது வெல்டிங்ல பண்ணிக்கலாம்" என்று விட்டுவிட்டு வருபவர்கள்தான் பிறகு இரண்டு நாள் லேத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என்ஜின் நம்பர் உள்ள பில், வண்டி கழிக்கப்பட்டதற்கான காகிதம் இரண்டும் இல்லாமல் தொடவேண்டாம்.

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து காட்டச் சொல்லுங்கள். நீங்கள் போவதற்கு முன்பே சூடாக்கி வைத்திருந்தால் சந்தேகப்படுங்கள். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் லேசான ஆவி வரலாம். புகை குபுகுபு என்று தள்ளினால் ரிங் போய்விட்டது. கிளட்ச்சை மிதிக்கும்போது கிராங்க் புல்லி முன்னால் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தால் த்ரஸ்ட் பேரிங் தேய்ந்திருக்கிறது. டர்போவின் ஷாஃப்ட்டை விரலால் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் மிக லேசான ஆட்டம் இருக்கலாம், பிளேடு உறையில் உரசக்கூடாது.

பொருத்துவதில் மிகப் பெரிய தலைவலி கியர் பாக்ஸுக்குப் பின்னால். பழைய ஃபோர் வீல் வண்டியில் டிரான்ஸ்ஃபர் கேஸின் வெளியீடு நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். பின் ஆக்சிலின் கிரவுன் குடமும் அதே பக்கம் ஒதுங்கியிருக்கும். பொலேரோவின் டூ வீல் கியர் பாக்ஸ் நேராகப் பின்னால், நடுவில் முடிகிறது. அதை அப்படியே போட்டால் புரொபெல்லர் ஷாஃப்ட் குறுக்கே சாய்ந்து போகும், 50-ஐத் தாண்டினாலே வண்டி நடுங்கும், கிராஸ் ஜாயின்ட் அடிக்கடி போகும். இரண்டே வழி. ஃபோர் வீல் வேண்டும் என்றால் பழைய கியர் பாக்ஸையும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் வைத்துக்கொண்டு, நடுவில் அடாப்டர் பிளேட் போட்டு டிஐ என்ஜினோடு சேர்ப்பது. வேண்டாம் என்றால் கிரவுன் நடுவில் உள்ள ஆக்சிலை விகிதத்தோடு சேர்த்தே மாற்றிவிடுவது. கடலூர் மாதிரி சமதள ஊரில் இரண்டாவதுதான் என் ஓட்டு. ஒரே செலவில் 5.38 பிரச்சினையும் தீர்ந்துவிடும். புது ஆக்சிலின் ஸ்பிரிங் சீட் உங்கள் சேசிஸ் அகலத்துக்கு வராது. பழைய சீட்டை வெட்டி, பினியன் முகத்தின் சாய்வு கியர் பாக்ஸ் சாய்வுக்கு இணையாக வரும்படி வைத்து, வண்டி தன் எடையில் நிற்கும்போது மட்டும் வெல்டிங் செய்யவேண்டும். தூக்கி வைத்த நிலையில் செய்தால் கோணம் முழுக்கத் தப்பு.

அடாப்டர் வழியில் போகிறவர்கள் லேத்காரரிடம் ஒன்றை வற்புறுத்துங்கள். ஃப்ளைவீலில் டயல் கேஜை (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) மாட்டி, ஹவுசிங்கின் நடுத் துளையைச் சுற்றி வரும்போது மொத்த ஆட்டம் 0.15 மி.மீ.க்குள் இருக்கவேண்டும். அதைத் தாண்டினால் முதலில் கிளட்ச் பிளேட்டின் ஹப் உடையும், பிறகு பைலட் பேரிங், அப்புறம் முதல் ஷாஃப்ட் பேரிங். மூன்றையும் மாற்றிக்கொண்டே இருப்பீர்கள், காரணம் பிடிபடாது. கியர் பாக்ஸ் முதல் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைன் (நீளவாக்கில் வெட்டிய பல்) எண்ணிக்கையும் கிளட்ச் பிளேட்டின் எண்ணிக்கையும் ஒன்றா என்று கையில் போட்டுப் பார்த்தபின்தான் டிரில்லிங்.

என்ஜினை இறக்க ஒரு டன் செயின் பிளாக், இரண்டு ஆள் போதும். வேப்பமரக் கிளையை நம்பாதீர்கள். முதலில் காலி பெல் ஹவுசிங்கோடு ஒத்திகையாக இறக்கி, சம்புக்கும் (என்ஜின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) முன் ஆக்சிலுக்கும் நடுவில் ஸ்பிரிங் முழுசாக அமுங்கினாலும் 50 மி.மீ. இடம் இருக்கிறதா பாருங்கள். பள்ளத்தில் ஆக்சில் சம்பை முட்டிவிட்டால் ஆயில் ரோட்டில். இடம் போதாவிட்டால் என்ஜினைப் பின்னால் தள்ளி கேபின் தகட்டை வெட்டுங்கள். மவுன்டை உயர்த்தினால் பானெட் மூடாது. பிராக்கெட்டுக்கு 6 மி.மீ. தகடு. சேசிஸின் மேல், கீழ் மடிப்பில் குறுக்கே வெல்டிங் கோடு போகக்கூடாது, விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும். பக்கத் தகட்டில் மட்டும், நீளவாக்கில். கடற்கரை ஊர் சேசிஸ் என்பதால் முதலில் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். டங் என்று வரவேண்டிய இடத்தில் டொப் என்று வந்தால் அந்த இடம் உப்புக்குப் போய்விட்டது, என்ஜின் வேலையை நிறுத்திவிட்டு சேசிஸ் வேலை.

பிரேக்கை மறக்கிறவர்கள் அதிகம். பழைய டிரம் பிரேக்குக்கு, மிதியின் அழுத்தத்தை வேக்கத்தால் (வெற்றிடத்தால்) பெருக்கும் பூஸ்டரே இல்லை. கனம் கூடுகிறது, வேகம் கூடுகிறது, பூஸ்டர் கட்டாயம். அதற்கு வேண்டிய வேக்கம், ஆல்டர்னேட்டரின் பின்னால் உள்ள பம்பிலிருந்து வரும். அந்தப் பம்புக்கு என்ஜின் ஆயில் போகும், திரும்பி சம்புக்கு வரும். திரும்பும் ஹோஸ் எங்கும் மேலே ஏறாமல் இறக்கமாகவே போகவேண்டும். மடங்கினால் ஆயில் தேங்கி சீல் கக்கும்.

பெட்ரோல் டேங்கைச் சும்மா கழுவிவிட்டு டீசல் ஊற்றினால் பழைய துரு முழுக்க ஃபில்டருக்கு வரும். உள்ளே சங்கிலித்துண்டு போட்டுக் குலுக்கி, காயவைத்து, ரிட்டர்ன் லைனுக்குத் தனித் துளை போடுங்கள். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர் கண்டிப்பாக வேண்டும். டீசல் லைனில் புகுந்த ஏர் எடுக்கும் வரிசை: ஃபில்டர் ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழி நிற்கும்வரை கைப் பம்ப், பிறகு பம்பின் ஸ்க்ரூ, கடைசியாக இன்ஜெக்டர் நட்டை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டர்.

ரேடியேட்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், செட்டோடு வந்ததையே போடுங்கள். ஃபேன் பிளேடின் பாதி கவருக்குள் இருக்கட்டும். மே மாதம் வில்லியனூர் டிராஃபிக்கில் நிற்கும்போதுதான் கவரின் அருமை தெரியும்.

ஒயரிங் எளிது, ஒன்றைத் தவிர: எர்த். ரப்பர் மவுன்டில் உட்கார்ந்த என்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே தடித்த எர்த் பட்டை இல்லை என்றால், ஸ்டார்ட்டர் கரண்ட் ஆக்சிலரேட்டர் கேபிள் வழியே திரும்பிப் போகும். கேபிள் சிவந்து உருகும். பழைய ஆறு வோல்ட் வண்டி என்றால் பல்பு, ஹார்ன், கேஜ் எல்லாம் பன்னிரண்டுக்கு மாறவேண்டும்.

மதிப்பெண் கேட்பவர்களுக்கு: என்ஜின் ஐந்துக்கு நாலு, சத்தத்துக்கு ஒன்று கழிந்தது. பழைய 5.38 ஆக்சில், நாலு கியரோடு சேர்த்தால் இரண்டு. ஆக்சிலும் மாற்றினால் நாலரை.

ஓட்டத் தொடங்கியபின் முதல் 100 கிலோமீட்டரில் மவுன்டிங், யூ போல்ட், புரொபெல்லர் ஃபிளாஞ்ச் எல்லாவற்றையும் ஒரு சுற்று முறுக்குங்கள். 500-ல் மறுபடி. டீசல் அதிர்வில் முதலில் தளர்வது ரேடியேட்டர் ஸ்டே. அதைக் கவனிக்காவிட்டால் ஃபேன் ரேடியேட்டரைக் கடிக்கும். நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு டர்போவை ஆறவிடுங்கள்.